சிவப்புப் பொத்தானை அழுத்திய கை

மின்நிலைய வாசலில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டான் அப்சல்.

"அக்கா, அப்டியே இன்ஜினீயர் மாதிரி கீறேன்ல?"

"எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கே. வாயை மூடிட்டு வா."

செங்கொடி ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவள். வியாசர்பாடிக்காரி. அந்த வேலையை விட்டுவிட்டு, ராயபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்சல் அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவான், விசாரிப்பான், வேண்டாத இடத்தில் ஜோக் அடிப்பான்.

இன்று ஜோக்குக்குச் சிரிக்கிற மனநிலையில் அவள் இல்லை. முந்தைய நாள் மாடிப்படி ஏறி வந்த ஜெபசிங்கின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஜெபசிங்குக்கு வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். வீடு காலடிப்பேட்டையில். அப்பா ஆசீர்வாதத்துக்கு நுரையீரல் பழுது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்து, மூக்கில் குழாயோடு காலம் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு மதியம் திடீரென்று கரண்ட் போனது. மெஷின் நின்றது. ஜெபசிங்கின் மனைவி ஷெர்லின் பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த சிலிண்டருக்கு மாற்றினாள். கரண்ட் வருவதற்குள் சிலிண்டர் தீர்ந்தது. மாமனாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சிக்னல் எல்லாம் அணைந்து கிடந்த திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், நகராத கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், ஆட்டோவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

"வெறும் கரண்ட் கட்டுன்னா விதின்னு விட்டிருப்பேன் மேடம்" என்றான் ஜெபசிங். "எண்ணூர்ப் பக்கத்துல கேஸ்ல ஓடுற சின்ன பவர் பிளான்ட் ஒண்ணு இருக்கு. ஓட வேண்டிய நேரத்துல அங்க ஒரு இன்ஜினீயர் பொத்தானை அமுக்கி நிறுத்திட்டான். வரதன்னு பேரு. கம்பெனியே ஒத்துக்கிடுது. ஏன் நிறுத்துனான்? அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டேங்கான். எனக்கு அந்த ஏன் வேணும். அதுக்கப்புறம் அவன் ஜெயில்ல கிடக்கணும்."

கூடவே தம்பி ஜெரினும் வந்திருந்தான். கதவோரமாகவே நின்றான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன். ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தான். "விட்டுருண்ணே. அப்பா திரும்பியா வரப்போறாங்க?"

ஜெபசிங் திரும்பி அவனை முறைத்தான்.

*

மின்நிலையத்தின் தலைமை அதிகாரி ஆறுமுகநயினார் அவர்களை வரவேற்ற விதம் ஏதோ கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. வங்கக்கரை எனர்ஜி என்று பொறித்த வெள்ளைச் சட்டை. வெள்ளை ஹெல்மெட்.

"வாங்க மேடம். எங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

பெரிய கூடத்தில் இரண்டு இன்ஜின்கள். ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். அசைவில்லாமல் கிடந்தன.

"ரெண்டும் தூங்குதே சார்" என்றான் அப்சல்.

"தூங்கத்தான் செய்யும். பகல் முழுக்க நாட்டுக்குக் கரண்ட் குடுக்கிறது வெயிலும் காத்தும். தெற்கே சோலார், காத்தாடி. அதுங்க ஓடுற வரைக்கும் எங்களுக்கு வேலை கிடையாது. ஆனா மேகம் மூடிட்டா? காத்து நின்னுட்டா? பெரிய அனல் மின்நிலையத்தை உடனே எழுப்ப முடியாது, அது சூடேறவே மணிக்கணக்காகும். நாங்க டீ ஆத்துறதுக்குள்ள எழுந்துருவோம். தீயணைப்பு வண்டி மாதிரின்னு வெச்சுக்குங்க. தினமும் தீ பிடிக்காது. பிடிக்கிற அன்னிக்கு வண்டி கிளம்பியாகணும்."

"மத்த நாளெல்லாம் சும்மா குந்திகினு கீறதுக்குச் சம்பளமா? சார், எதுனா வேலை காலி கீதா?"

நயினார் சிரிக்கவில்லை. "சும்மா இல்லை தம்பி. தயாரா இருக்கிறதே ஒரு வேலை. காலையில 'தயார்'னு சொல்லிட்டோம்னா, எந்த நிமிஷம் கூப்பிட்டாலும் ஓட்டணும்."

"அன்னிக்கும் தயார்னு சொல்லியிருந்தீங்களா?" செங்கொடி கேட்டாள்.

"சொல்லியிருந்தோம். வழக்கமா வெயில் இறங்குற நேரத்துலதான் கூப்பிடுவாங்க. அன்னிக்குத் தெற்கே மதியமே மேகம் மூடிருச்சு. சோலார் கிடுகிடுன்னு விழுந்தது, காத்தும் இல்லை. உடனே ஓட்டுங்கன்னு மின்வாரிய கன்ட்ரோல்ல இருந்து போன். வரதன் ஸ்டார்ட் பண்ணினான். இன்ஜின் பிடிச்சது. பிடிச்ச கையோட நிறுத்திட்டான். வேற வழியில்லாம இந்தப் பக்கத்து ஏரியாவுக்குப் போற லைன் எல்லாத்தையும் வெட்டினாங்க."

"ஏன் நிறுத்தினார்?"

நயினார் குரலைத் தாழ்த்தினார். "எப்படிச் சொல்றது... கொஞ்சம் குடிப்பழக்கம். போதையில கை தவறிப் பட்டிருக்கு. நாளைக்குக் காலையில போலீஸ்ல புகார் குடுக்கிறோம். இறந்தவரோட மகனும் கையெழுத்துப் போட்டா கேஸ் நல்லா நிக்கும். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அந்தப் பொத்தானைப் பார்க்கலாமா?"

*

கன்ட்ரோல் ரூமில் மேசை நடுவே இருந்தது அது. உள்ளங்கை அகலம், ரத்தச் சிவப்பு. செங்கொடி குனிந்து பார்த்தாள். பொத்தானைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம். ஒரு ஓரத்தில் கீல் மட்டும் உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மூடி இருந்ததில்ல?"

"இருந்தது... கை தவறிப் பட்டுடக் கூடாதுன்னுதான் மூடியே."

"அப்புறம் எப்படி சார் கை தவறிப் பட்டுது?"

நயினார் ஜன்னல் பக்கமாக நகர்ந்தார்.

"மூடி சும்மா திறக்கலை, பிஞ்சிருக்கு" என்று செங்கொடி அப்சலிடம் மெதுவாகச் சொன்னாள். "குடிச்சவன் தடவுவான். இது பயந்தவன் பண்ணின வேலை. இந்த நாற்காலியில உட்கார்ந்து எதைப் பார்த்துப் பயந்தாரு?"

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் கேமரா திரைகள் வரிசையாக இருந்தன. வாசல், இன்ஜின் கூடம், கேஸ் குழாய்... எல்லாவற்றிலும் படம் ஓடியது. ஓரத்தில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது.

"அது எந்த இடம் சார்?"

"இன்ஜின் பின்பக்கம். புகைக் குழாய் இருக்கிற இடம். கேமரா ரிப்பேர்."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

அப்சல் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சார், எல்லா ஒயர்லயும் தூசி அப்பிக்கினு கீது. இந்த ஒயர் மட்டும் குளிச்சுட்டு வந்த மாதிரி கீது."

நயினாரின் உபசாரம் அதோடு முடிந்தது. மீட்டிங் இருக்கிறது என்றார். ஆனாலும் செங்கொடி பின்பக்கத்தைப் பார்க்காமல் கிளம்பவில்லை. இரண்டு இன்ஜின்களிலிருந்தும் கிளம்பிய புகைக் குழாய் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குப் பெருத்து, சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. அதன் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கதவு. ஆள் தவழ்ந்து நுழைகிற அளவு. குழாய் முழுக்க இருந்த போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பெயின்ட் உரிந்து கிடந்தன. அந்தக் கதவின் போல்ட்டுகள் மட்டும் பளபளத்தன.

"அன்னிக்கு இங்க கான்ட்ராக்ட் ஆளுங்க யாராவது வேலை செஞ்சாங்களா?"

"இல்லை" என்றார் நயினார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "தயார்னு சொன்ன நாள்ல யாரையும் உள்ளே விட மாட்டோம். சட்டப்படி விடக் கூடாது."

*

வாசலில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்சல் கீழே குனிந்தான்.

வேலைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுக்கும் கனத்த ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். அதற்காக ஒரு மர அடுக்கு. அதன் அடித்தட்டில் ஒரு ஜோடி செருப்பு. மேலே மழைத் தண்ணீர் காய்ந்து சேறு படிந்திருந்தது.

"இது யாரோடது நைனா?" என்று காவலாளியைக் கேட்டான்.

"தெர்ல. போன வாரத்துலேர்ந்து அப்டியே கெடக்குது."

அவர் திரும்பிய நேரத்தில் அப்சல் அதைச் சட்டைக்குள் செருகிவிட்டான்.

"கலீஜ்" என்றாள் செங்கொடி, வெளியே வந்ததும்.

"அக்கா, நீ யோசி. ஒர்த்தன் செருப்பைக் கயட்டிட்டு நடந்து உள்ள போயிருக்கான். வெளிய வரும்போது அத்தத் தேடல. அப்டின்னா இன்னா அர்த்தம்?"

"நடந்து வெளிய வரலைன்னு அர்த்தம்."

"தூக்கினு வந்திருக்காங்க."

அன்றைக்கு அவன் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். இரும்புக் கதவு, பளபளக்கும் போல்ட், அணைந்த கேமரா, பிய்த்தெறிந்த மூடி. எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. இன்ஜின் ஓடத் தொடங்கியபோது அந்தக் குழாய்க்குள் ஒரு ஆள் இருந்திருக்கிறான்.

"உயிரோட இருக்கானா?" என்றாள் செங்கொடி, தனக்குத்தானே.

அதைச் சொல்லக்கூடியவர் வரதன் ஒருவர்தான். சஸ்பெண்ட் ஆனதிலிருந்து அவர் போன் அணைந்திருந்தது. வீட்டில் பூட்டு. எதிரிலிருந்த டீக்கடையில் அப்சல் இரண்டு டீயும் நாலு ஜோக்கும் செலவழித்ததில் ஒரு தகவல் கிடைத்தது. வரதனின் மச்சானுக்குக் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி.

*

மீன்பிடித் துறைமுகத்தில் வெயில் உச்சியில் இருந்தது. ஐஸ் ஃபேக்டரிக்குள் மட்டும் மார்கழி. வரதன் கம்ப்ரஸருக்கு முன்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பல நாள் தாடி. ஆட்களைப் பார்த்ததும் ஓடவில்லை, எழுந்துகூட நிற்கவில்லை.

"போலீஸா?"

"இல்லீங்க. ஆசீர்வாதத்தோட மகன் அனுப்பினார்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

செங்கொடி ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க குடிச்சிருந்தீங்கன்னு சொல்றாங்க."

"சொல்லட்டும்."

"குழாய்க்குள்ள ஆள் இருந்தான். உங்களுக்குத் தெரியும்."

வரதன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணும்போது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது" என்றார். "உள்ள கரி அடைஞ்சு போச்சு, சுத்தம் பண்ணணும்னு நான் மாசக்கணக்கா கேட்டுகிட்டிருந்தேன். ஒருநாள் 'தயார் இல்லை'ன்னு சொல்லிட்டு, இன்ஜினைப் பூட்டி வெச்சுட்டுப் பண்ணணும். நயினார் விடல. தயார் இல்லைன்னு சொன்னா மேலிடத்துல அவருக்குக் கெட்ட பேரு. அதனால எங்கிட்ட சொல்லாமலே கான்ட்ராக்ட்காரனை அனுப்பிட்டாரு. வெயில் இறங்குறதுக்குள்ள முடிச்சுடலாம்னு கணக்கு. மேகம் அவரைக் கேட்டுட்டா வரும்?"

கம்ப்ரஸர் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அவர் சத்தத்தை உயர்த்தினார்.

"போன் வந்துது. ஸ்டார்ட் குடுத்தேன். இன்ஜின் பிடிச்சுது. தற்செயலா கேமராவைப் பார்க்குறேன், புகைக் குழாய்க் கதவு திறந்து கிடக்குது. வெளியிலேர்ந்து ஒரு லைட்டு ஒயர் உள்ளே போகுது. ஒயர் உள்ள போகுதுன்னா ஆள் உள்ள இருக்கான். அப்புறம் என் கை என்ன செஞ்சுதுன்னு எனக்கே தெரியாது."

"உடனே திருப்பி ஓட்டியிருக்கலாமே?"

"ஓடிப்போய் அவனை வெளிய இழுத்தேன். மூச்சு இருந்துது. கையெல்லாம் வெந்து போயிருந்துது. இன்னொருத்தன் உள்ள இருக்கானா இல்லையான்னு அவனால சொல்ல முடியல. ரெண்டு இன்ஜினுக்கும் அந்த ஒரே குழாய்தான். நானே உள்ள போய்க் கடைசி வரைக்கும் பார்க்காம ஸ்டார்ட் பண்ண மாட்டேன்னேன். நயினார் போன்ல கத்துறாரு. லைன் ஒவ்வொண்ணா போகுதுன்னு எனக்குத் தெரியாதா? திருவொற்றியூர் போச்சு, காலடிப்பேட்டை போச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் தவழ்ந்து உள்ள போனேன்."

அப்சல் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தான்.

"இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லலை?" என்றாள் செங்கொடி. "அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினா நீங்க வெளிய வந்துடலாம்."

"அவன் பேரை மட்டும் கேட்காதீங்க."

"நாளைக்குக் காலையில உங்க மேல கேஸ் போடுறாங்க. தெரியுமா?"

"போடட்டும். ஒரு உசிரைக் காப்பாத்தப் போய் ஒரு உசிரு போச்சு. அதுக்குன்னு ஒரு தண்டனை எனக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆனா அவனை இழுக்க மாட்டேன். எல்லாம் முடிஞ்ச மறுநாள் இங்கதான் வந்தான். கட்டுப் போட்ட கையோட என் காலைப் பிடிச்சுகிட்டு அழுதான். அவன் பாவம்மா. அன்னிக்கே அப்பனைப் பறிகொடுத்துட்டு..."

சட்டென்று நிறுத்தினார். நிறுத்தியதில்தான் விஷயம் வெளியே வந்தது.

"அக்கா" என்றான் அப்சல். "அன்னிக்கு அந்தக் கரண்ட் கட்டுல எத்தினி பேரு செத்தாங்க?"

"ஒருத்தர்தான்" என்றாள் செங்கொடி.

முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுவரை போட்ட பட்டன். கதவோரமாக நின்றுகொண்டு "விட்டுருண்ணே" என்றவன்.

வரதன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

*

காலடிப்பேட்டைக்குக் கிளம்பினார்கள். சூரை மீன் லாரி ஒன்று குறுக்கே வந்தபோதுகூட அப்சல் திட்டவில்லை. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினான்.

"அக்கா, இத்த சொல்லித்தான் ஆவணுமா? அந்தாளு கேட்டது இன்ஜினீயர் ஏன் நிறுத்துனான்னு. ஆளு ஒர்த்தன் மாட்டிக்கினான், அதான் நிறுத்துனாருன்னு சொல்லிட்டு வந்துர்லாம். பேரு இன்னாத்துக்கு?"

"பேர் இல்லாத ஆளை நயினார் ஒரே நிமிஷத்துல இல்லைன்னு சொல்லிடுவார். வரதன் உள்ள போவார். ஜெபசிங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைப்பார்."

"அதுக்காக ஒரு வூட்டை ரெண்டா ஒடைக்கணுமா?"

செங்கொடிக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. இன்சூரன்ஸ் வேலையில் உண்மையைக் கண்டுபிடித்தால் ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடலாம். அதைப் பிரிக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"சொல்ல வேண்டியது நான் இல்ல" என்றாள் கடைசியில். "வண்டியை எடு. அந்தச் செருப்பு வண்டிப் பெட்டியிலயே இருக்கட்டும்."

ஜெரின்தான் கதவைத் திறந்தான். அதே மாதிரி முழுக்கைச் சட்டை.

"வரதனைப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் செங்கொடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அவர் உங்க பேரைச் சொல்லலை. கடைசி வரைக்கும் சொல்லவும் மாட்டார். நாளைக்கு ஜெயிலுக்குப் போனாலும்."

அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். உள்ளே ஜெபசிங் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். ஷெர்லின் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஆக்சிஜன் மெஷின் ஒரு துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"வாங்க மேடம். தெரிஞ்சுதா?" ஜெபசிங் எழுந்தான். "நயினார் சார் இப்பத்தான் போன் பண்ணினார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். முடிவு தெரிஞ்சதும் திருப்பிக் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்கேன். அவன் ஏன் நிறுத்துனான்?"

செங்கொடி ஜெரினைப் பார்த்தாள்.

ஜெரின் அண்ணனுக்கு எதிரே வந்து நின்றான். மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினான். சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டான். முழங்கைவரை தோல் உரிந்து, சில இடங்களில் இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னலே இது?" என்றான் ஜெபசிங். "பைக்ல விழுந்தேன்னுல்லா சொன்னே?"

"விழலண்ணே. இன்ஜினுக்குப் பின்னால குழாய்க்குள்ள இருந்தேன். கரி சுரண்டிக்கிட்டு. ஸ்டார்ட் ஆயிட்டு. அந்த சார் என்னையக் காப்பாத்தத்தான் நிறுத்துனாரு. எனக்காகத்தான் கரண்டு போச்சு."

ஷெர்லினின் மடியிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

"நீ மணலி புதுநகர்ல ஏசி கம்பெனி ஆபீஸ்ல..." என்றான் ஜெபசிங்.

"ஆபீஸெல்லாம் இல்லண்ணே. ஒரு வருஷமா கான்ட்ராக்ட் வேலைதான். சொன்னா கடையில வந்து உக்காருன்னு சொல்லுவே. எனக்கு மெஷின் வேலைதான் பிடிச்சிருக்கு. அப்பாவுக்கு மட்டும் தெரியும். நகத்துக்குள்ள கரியைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கெஞ்சினேன். அன்னிக்குக் காலையில பவர் பிளான்ட்டுக்குப் போறேன்னும் அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஜெபசிங் கையை ஓங்கினான். ஓங்கிய கை நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வயசானவன் மாதிரி உட்கார்ந்தான்.

ஷெர்லின்தான் முதலில் பேசினாள். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை.

"கரண்ட் போனதும் மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மெஷினைக் காட்டல. 'ஜெரினுக்குப் போன் போடு'ன்னாங்க. நான் சிலிண்டரை மாத்துதேன், அப்பவும் அதேதான். ஆட்டோவுல மூச்சு விட முடியல, வார்த்தை வரல, போனைக் காட்டிக் காட்டி 'அவன் என்னானான்னு கேளு, கேளு'ன்னு... நான் எடுக்கல. மூச்சு இல்லாம உளறுதாங்கன்னு நினைச்சேன். கடைசில ஒரு வாட்டி போட்டேன். நீ எடுக்கல."

"போன் வாசல் கேட்டுல இருந்துச்சு மதினி" என்றான் ஜெரின். "உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க."

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செங்கொடி வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். அப்சல் ஏற்கெனவே வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆசீர்வாதம் பயந்தது தன் மூச்சுக்கு அல்ல. வீட்டில் கரண்ட் போன நொடியில், கரண்ட் தயாராகும் இடத்தில் தன் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேசையில் போன் அடித்தது. நயினாரின் பெயர் திரையில் வந்தது. அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது.

ஜெபசிங் எடுத்தான். அறை அமைதியில் எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன ஜெபசிங், முடிவு பண்ணிட்டீங்களா? காலையில வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அந்தக் குடிகாரனை நாங்க பார்த்துக்கிறோம்."

"வர்றேன் சார்" என்றான் ஜெபசிங். "காலையில ஸ்டேஷனுக்குக் கண்டிப்பா வர்றேன். ஆனா என்ன எழுதணும்னு நான் சொல்லுதேன். என் தம்பியையும் கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு உங்க குழாய்க்குள்ள இருந்தவன் அவன்தான்."

எதிர்முனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஜெபசிங் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அவன் கைக்கு மருந்து போட்டிருக்கானான்னு பாரு" என்றான் ஷெர்லினிடம்.

தம்பியின் முகத்தை மட்டும் அவனால் இன்னும் பார்க்க முடியவில்லை.